டீச்சர் ஏறும் இடம்

ஜூன் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஃபோனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இதற்கும் கட்டைவிரலை வரைந்து அனுப்பி வைக்காதே.

போன வருஷம் என் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நான் மறக்கவில்லை. "இன்னும் ரெண்டு வருஷத்துல பஸ்ஸுக்கு டிரைவரே தேவையில்லக்கா" என்று வாய் நிறையச் சோற்றோடு சொன்னாய். பாதியில் உன் தட்டை எடுத்தது என் தப்பு. என் டிரைவர் சீட்டைப் பிடுங்கத்தான் உன்னைப் படிக்க வைத்தேனா என்று கேட்டதும் தப்பு. ஆனால் அந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. சரி, அது கிடக்கட்டும்.

விஷயம் வேறு. திங்கட்கிழமை மூன்று பேர் முக்காலியில் ஒரு கருவியை வைத்து நம் கட்டிடத்தையும் கேட்டையும் அளந்துகொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் ரிப்பேர் கடையிலிருந்து எழுந்து போய் என்னவென்று கேட்டிருக்கிறார். "எங்களுக்குத் தெரியாதுங்க, அளக்கச் சொன்னாங்க" என்றார்களாம். மறுநாள் வீட்டுச் சொந்தக்கார அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். சாக்கடை அடைத்தபோதுகூட இறங்காத அம்மா. "நல்ல விலை வருதும்மா. எதுக்கும் வேற வீடு பாத்து வெச்சுக்கோ" என்றார்.

டெப்போவில் வேறு பேச்சு. ஆகஸ்ட் பதினைந்திலிருந்து என் ஒன்பதாம் நம்பர் வழியில் டிரைவர் இல்லாத வண்டி ஓடுமாம். எங்கோ ஒரு பெரிய நிலையம் கட்டப் போகிறார்களாம். எங்கே என்று முடிவு செய்யும் மேப் உன் கம்பெனிதான் போடுகிறதாம். உண்மையா? எங்கள் வாசலிலா?

இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் குறைந்த வாடகை கொடுத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. இங்கிருந்து கிளப்பினால் ஊருக்கு வெளியே இரண்டு மணி நேரத் தூரத்தில்தான் எங்களுக்கு இடம். கடையும் போகும். ஒரு வரி எழுது.

அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ காகிதத்தில் எழுதியது நல்லதாகப் போயிற்று. இங்கே எங்கள் ஃபோன், மெசேஜ் எல்லாவற்றையும் கம்பெனி பார்க்கும். வேலையைப் பற்றி வெளியே பேசினால் அன்றே அனுப்பிவிடுவார்கள். இனி நீயும் ஃபோனில் எதுவும் கேட்காதே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

என் வேலை என்ன என்று நீ கேட்டதே இல்லை. (நானும் சொன்னதில்லை.) எல்லா பஸ்களிலும் ஒரு கருப்புப் பெட்டி வைத்திருக்கிறோம் அல்லவா, அது எங்கே நிற்கிறது, எங்கே ஆட்கள் ஏறுகிறார்கள் என்று எழுதி அனுப்பும். கடைசி முப்பது நாள் கணக்கைப் பார்த்து மெஷின் மேப் போடும். மெஷினுக்குப் புரியாத வரி ஏதாவது வந்தால் அது மட்டும் எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அந்த மேப்பில் நிறைய பேர் ஏறும் இடம் சிவப்பாகத் தெரியும். நம் கேட்டுக்கு எதிரே ரத்தம் கட்டின மாதிரி ஒரு சிவப்பு. நிலம் வாங்குபவர்களுக்கு இந்த மேப் முன்கூட்டியே போகிறது. உங்கள் வாசலை அளந்தவர்கள் அவர்களுடைய ஆட்கள்தான். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மேப் இறுதியாகும். அன்று சிவப்பு அங்கே இருந்தால் நிலையம் அங்கேதான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. அந்த கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பே கிடையாதே. மேட்டுக்கு மேலே முந்நூறு மீட்டர் தள்ளித்தானே ஸ்டாப். அப்படி என்ன வந்திருக்கிறது அங்கே? ஆஸ்பத்திரியா?

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியும் இல்லை, அரண்மனையும் இல்லை. அந்தச் சிவப்பு நான்தான்.

கீழ் வீட்டு டீச்சரை உனக்குத் தெரியும். உனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்து, காதைத் திருகி, பிஸ்கட்டும் கொடுத்தவர். இரண்டு வருஷமாக அவருக்குக் கிட்னி வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அந்த மேடு அவரால் ஏற முடியாது. பின் வீட்டுத் தச்சருக்கு இடுப்பு பிசகினதிலிருந்து கால் இழுக்கிறது, கையில் கருவிப் பெட்டி வேறு. இவர்கள் இரண்டு பேருக்காக நான் கேட்டுக்கு எதிரே அரை நிமிஷம் நிறுத்துவேன். அதைப் பார்த்து இன்னும் ஒருவர் இருவர் ஏறுவார்கள். இவ்வளவுதான்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. நாங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மாமியார். வாயைத் திறக்காது, ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தினால் திரையில் காரணம் கேட்கும். டிராஃபிக், பழுது, விபத்து, பயணிகள் கூட்டம், மற்றவை. "மற்றவை" என்றால் டைப் அடிக்க வேண்டும். எங்களில் ஒருவர் அதை அழுத்தப் போய் மெமோ வாங்கினார். நான் "கூட்டம்" என்று அழுத்தினேன். எத்தனை பேர் என்று கேட்டது. இருபதுக்குக் குறைந்தால் நிறுத்தக்கூடாது என்று டெப்போ விதி. "இருபதுக்கு மேல்" என்று அழுத்தினேன். தினமும். ஒவ்வொரு டிரிப்பிலும். ஏழு மாதமாக.

யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று நினைத்தேனடா. பொய் சொன்னால் அதிகபட்சம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றுதான் பயந்தேன். நம் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

இதை இன்னும் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கடையை எங்கே மாற்றலாம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். உன்னால் அதை அழித்துவிட முடியாதா?

அக்கா

ஜூன் 18

அக்காவுக்கு,

ஏழு மாதமாகவா. உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

என்னால் அழிக்க முடியாது. யார் எந்த வரியைத் தொட்டார்கள் என்று பதிவாகும். பொய்க் கணக்கு என்று மேலே சொன்னால் முதலில் வருவது உன் டிரைவர் எண். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது உனக்கு. இன்னொன்றும் இருக்கிறது. சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரின் வரிகளை நாங்கள் பார்க்கக்கூடாது. வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே.

ஒரே வழிதான் தெரிகிறது. மெஷின் முப்பது நாளைத்தான் பார்க்கும். இன்றிலிருந்து அங்கே நிறுத்தாதே. யார் கை காட்டினாலும் நிறுத்தாதே. ஜூலை கடைசிக்குள் சிவப்பு தானாக வெளுத்துவிடும். யாரிடமும் காரணம் சொல்லாதே. கட்டிடத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் எட்டு வீட்டுக்கும் தெரியும், எட்டு வீட்டிலிருந்து அது எங்கே போகும் என்று உனக்கே தெரியும். டீச்சருக்கும் சொல்லாதே.

கஷ்டம்தான். தெரியும்.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாயா. பன்னிரண்டு வருஷம் என் வீட்டில் வளர்ந்தாய். மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து நீ படித்த இடத்தில் சுவர் இன்னும் உன் தலை எண்ணெயோடு இருக்கிறது. ஏன் என்று கேட்காதே என்கிறாய். கேட்கவில்லை. ஆனால் வலிக்கிறது.

சொன்னதைச் செய்கிறேன். முதல் நாள் டீச்சர் வழக்கம் போல ஏழே காலுக்கு நின்று கையை உயர்த்தினார். நான் எதிரே இருந்த லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். கையை இறக்கவே இல்லை அவர். நான் மறந்துவிட்டேன், இதோ பிரேக் போடுவேன் என்று நினைத்திருப்பார்.

அடுத்த டிரிப்பில் மேட்டு ஸ்டாப்பில் ஏறினார். இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே வந்திருக்கிறார். மூச்சு இரைக்க, "புது ரூலாம்மா?" என்று கேட்டார். "ஆமா டீச்சர்" என்றேன். "சொல்லியிருந்தா முன்னாடியே கிளம்பியிருப்பேனே" என்றார். ஆஸ்பத்திரியில் அவருடைய முறை தவறி, மத்தியானம்வரை காத்திருக்க வைத்தார்களாம்.

தச்சர் அப்படி இல்லை. படிக்கட்டில் என்னைப் பார்த்ததும், "அம்மா இப்ப பெரிய அதிகாரி ஆயிட்டாங்க, வழி விடுங்கப்பா" என்று காலியாக இருந்த படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார். மேல் வீட்டுப் பெண் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரரே, "உனக்கு என்ன ஆச்சு?" என்கிறார். வாயைத் திறந்தால் உளறிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அவர்கள் வீட்டைக் காப்பாற்றத்தான் அவர்களை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று யாரிடம் சொல்வது.

சிவப்பு வெளுக்கிறதா? அதை மட்டும் சொல்.

அக்கா

ஜூலை 4

அக்காவுக்கு,

நல்ல செய்தி சொல்ல நினைத்திருந்தேன். ஜூன் கடைசிவரை வெளுத்துக்கொண்டு வந்தது. ஜூலை ஒன்றிலிருந்து மறுபடி ஏறுகிறது.

பெட்டியில் புது ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முன்னால் இருக்கும் கேமரா இனி ரோட்டோரம் நிற்பவர்களையும் எண்ணும். பஸ் வந்தும் ஏற முடியாமல் நிற்கிறவர் ஒருவரை ஐந்து பேராகக் கணக்கில் எடுக்கும். கை காட்டினால் பத்து. கவனிப்பில்லாத இடத்தைக் கண்டுபிடிக்கத்தானாம். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள், அதுதான் கொடுமை.

நீ நிறுத்தாமல் போகப் போக, அவர்கள் கை காட்டக் காட்ட, சிவப்பு ஏறுகிறது. அவர்கள் அங்கே நிற்கவே கூடாது. எப்படிச் செய்வாயோ தெரியாது. நேற்று என் மேலதிகாரி பக்கத்து மேசைக்காரரிடம் உங்கள் தெருவைக் காட்டி, இந்த வருஷத்தின் ஆச்சரியமே இந்த இடம்தான் என்றார். நான் குனிந்து என் திரையில் அடுத்த வரியைத் திறந்தேன்.

யாரும் இல்லை என்று எழுதியது நான் உன் வீட்டிலிருந்து கிளம்பிய நான்காம் நாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்த கோபம். கட்டத்தில் "இல்லை" என்று ஒரு டிக். அப்போது ரொம்பத் திருப்தியாக இருந்தது.

தம்பி

ஜூலை 10

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். நீ திட்டுவாய். திட்டு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகக் கீழே இறங்கி டீச்சர் கதவைத் தட்டினேன். கூட்டம் என்று அழுத்தியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரை எடுக்கவில்லை, அவரே, "அந்த வாலுப் பையன்தான சொன்னான்?" என்று கேட்டுவிட்டார். பிறகு ஒரு பேப்பரும் பென்சிலும் கேட்டார். இருபது பேர், ஒரு நாளைக்கு இத்தனை டிரிப், ஏழு மாதம் என்று பெருக்கிப் பார்த்தார். "ஏம்மா, என் ஒருத்திக்காக ஒரு ஊரையே ஏத்தி விட்டிருக்கியே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் என்னமோ, என் மேல உனக்கு எதுக்கோ கோபம்னு மூணு வாரமா யோசிச்சிட்டிருந்தேன்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தச்சரிடமும் என் வீட்டுக்காரரிடமும் டீச்சரே சொன்னார். "இதை வெளிய சொல்றவங்களுக்கு இந்த வீட்டுல தண்ணி கிடையாது" என்று மிரட்டலும் போட்டார். தச்சர் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் ஒரு பழைய ஆபீஸ் நாற்காலியைத் தூக்கி வந்து, கைப்பிடி அடித்து, கால் வைக்கப் பலகை பொருத்தி, கடைக்கு முன்னால் நிறுத்தினார். சக்கரத்தை என் வீட்டுக்காரர் மாற்றிக் கொடுத்தார். இப்போது டீச்சரை அதில் உட்கார வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். போகும்போது டீச்சர் கையில் குடை, மடியில் தச்சரின் கருவிப் பெட்டி. நான் பஸ்ஸில் அவர்களைத் தாண்டிப் போகும்போது மூன்று பேரும் என்னைத் தெரியாதவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கேமரா பார்க்குமாம். மாமியாருக்கு முன்னால் நாடகம்.

கேட்டுக்கு எதிரே இப்போது ஒரு ஆள் நிற்பதில்லை. ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. மேடு ஏறும்போது தச்சர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். எத்தனை நாளைக்குத் தள்ளுவார்கள்?

அக்கா

ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

மேப் இறுதியாகிவிட்டது. நம் வாசலில் சிவப்பு இல்லை. நிலையம் பழைய கிடங்குப் பக்கம் போய்விட்டது. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. வீடு பிழைத்தது. மாமாவிடம் சொல், கடையை மாற்ற வேண்டாம்.

இதற்கு மேல் எழுதுவதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும்.

கேட்டில் யாருமே இல்லை என்று ஆனதும், மெஷின் மொத்தத் தெருவையும் ஒரு தடவை பார்த்திருக்கிறது. மேட்டு ஸ்டாப்பில் நாலைந்து பேர். அதற்காக மேடு ஏறி இறங்குவது வீண் என்று முடிவு செய்துவிட்டது. பதினைந்தாம் தேதியிலிருந்து ஒன்பதாம் நம்பர் உங்கள் தெருவுக்கே வராது. மேம்பாலம் வழியாக நேரே போய்விடும். பக்கத்து ஸ்டாப் என்பது இனி ஒன்றரைக் கிலோமீட்டர்.

சிவப்பை அழிக்க வேண்டும் என்று மட்டுமே பார்த்தேன். அழிந்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசிக்கவில்லை. இதுதான் என் வேலையே, அதைக்கூட ஒழுங்காக யோசிக்கவில்லை. டீச்சர் எப்படிப் போவார் என்று நேற்றெல்லாம் கணக்குப் போட்டேன். வரவில்லை.

திருத்தங்கள் வந்தால் பத்தாம் தேதிவரை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவை பஸ்ஸிலிருந்து டிரைவர் அனுப்புவதாகத்தான் இருக்க வேண்டும். நாங்களாக எதையும் சேர்க்க முடியாது.

தம்பி

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை

தம்பிக்கு,

உன் கடிதத்தை டீச்சரிடம் படித்துக் காட்டினேன். "விடும்மா, வாரத்துல மூணு நாள்தான, ஒரு வழி கிடைக்கும்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். டயாலிசிஸ் ஒரு தடவை தவறினால் அவருக்குக் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். அந்த வழி எங்கிருந்து கிடைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் என்னைக் கண்ட்ரோல் ரூமில் போடுகிறார்கள். எட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வண்டிகள் போவதை வேடிக்கை பார்க்க வேண்டும். ஆக, இந்தச் சீட்டில் நான் இன்னும் சில நாள்தான்.

இன்று காலை தச்சர் நாற்காலியைக் கேட்டுக்கு வெளியே கொண்டு வந்தார். நான் பஸ்ஸை நிறுத்தினேன். அவர் பதறிப்போய், "போங்க போங்க" என்று கையை ஆட்டினார். நான் கதவைத் திறந்து, "டீச்சர், ஏறுங்க" என்றேன். ஏறினார்.

திரை காரணம் கேட்டது. விரல் தன்னால் "கூட்டம்" பக்கம் போயிற்று. இழுத்துக்கொண்டேன். "மற்றவை" அழுத்தினேன். ஒரு விரலால் தேடித் தேடி டைப் அடித்தேன். பின்னால் ஹார்ன் அடிக்கிறான், உள்ளே ஒருவர் ஆபீசுக்கு நேரமாகிறது என்கிறார். டீச்சர் உட்காரக்கூட இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தோள்மேல் எட்டிப் பார்த்து எழுத்துப்பிழை திருத்தினார். நாலு நிமிஷம் ஆனது.

என்ன அடித்தேன் என்று இங்கே எழுதவில்லை. உன் மேசைக்கு வந்தால் பார்த்துக்கொள். வேறு யார் மேசைக்கோ போனால் அது டீச்சர் தலையெழுத்து. எனக்கு மெமோ கட்டாயம் வரும், வேலையே போனாலும் போகும். ஆனால் அந்தப் பெட்டி வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் அந்த மாமியார் மூஞ்சியை நேராகப் பார்த்தேன்.

அக்கா

ஆகஸ்ட் 10, வியாழன்

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் வரி எட்டுப் பேரில் யாரிடம் வரும் என்று தெரியாது. அன்றிலிருந்து பக்கத்து மேசைக்காரர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவர்களுடைய வரிகளையும் நானே பார்த்தேன். எனக்கு என்ன திடீர் சுறுசுறுப்பு என்று கிண்டல் செய்தார்கள். நேற்று சாயங்காலம்வரை வரவில்லை. ஏற்கெனவே யாரோ தள்ளிவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

இன்று காலை பதினொன்றே காலுக்கு வந்தது. எல்லாம் எண்களாக இருக்கும் திரையில் அது மட்டும் பேச்சு மாதிரி இருந்தது.

"டீச்சர் ஏறணும். செவ்வாய், வியாழன், சனி காலை ஏழே கால், ஆஸ்பத்திரிக்கு. மேடு ஏற முடியாது. இதுக்கு முன்னாடி கூட்டம்னு நான் அழுத்தினது எல்லாம் பொய். ஆள் ரெண்டு பேர்தான்."

நான்கு தடவை படித்தேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

ஒன்றிரண்டு பேருக்காக, அவர்கள் சொல்லும் நேரத்தில் மட்டும் வண்டி வந்து நிற்கும்படி ஒரு வகை இருக்கிறது. நிலையம் எதுவும் வராது, வீட்டை யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் அதைக் கேட்பதில்லை, அதனால் நாங்களே மறந்திருந்தோம். அதைத் தேர்ந்தெடுத்து ஏற்றுக்கொண்டேன். உடனே வழக்கமாக வரும் கேள்வி வந்தது. இந்த ஊரில் உங்களுக்கு உறவினர் உண்டா? ஒரு நாளைக்கு முந்நூறு தடவை "இல்லை" என்று அழுத்திப் பழகிய விரல். "ஆம்" என்று அழுத்தினேன். என்ன உறவு என்று கேட்டது. "அக்கா" என்று அடித்தேன்.

நாளை பத்து மணிக்கு மேலே கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் பொய் எழுதிக் கொடுத்தது, பிறகு சொந்தக்காரர் இடத்தைத் தொட்டது, இரண்டையும் கேட்பார்கள். நான் ஏற்றுக்கொண்டதை அவர்கள் திருப்பி எடுத்தாலும் எடுக்கலாம். திருப்பி எடுக்க இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் பதினைந்து வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. என் வேலை இருக்குமா என்று தெரியாது. உன் வேலையும் தெரியாது. போனால் உன் வீட்டுக்குத்தான் வருவேன். இந்தத் தடவை தட்டை எடுக்காதே, நானும் எழுந்து போக மாட்டேன்.

பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை. ஏழே காலுக்கு நீயும் டீச்சரோடு கேட்டில் நில். வண்டி நிற்கும்போது சத்தமே வராது, கதவு திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பதற வேண்டாம் என்று அவரிடம் சொல். நின்றதோ நிற்கவில்லையோ, அங்கே இருந்தபடியே எனக்கு ஃபோன் பண்ணு.

எடுக்கிறேன்.

தம்பி